ஏன் கேட்கிற வேலை

மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

அன்றைய காலை என் நினைவில் இப்படித்தான் தொடங்குகிறது. ஓசூரில் மார்கழிப் பனி. பள்ளிக்கூட மைதானத்தில் எதிரே வருகிறவள் யாரென்று தெரியாது. பாவாடையின் நிறம் மட்டும் தனியாக மிதந்து வரும். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பியூன் முனியப்பா ஓங்கி ஓங்கி அடிக்கிறார். கை போய்ப் போய் வருவது தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. நான் இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்லையோ என்று ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.

கிட்டே போய்ப் பார்த்தால், தண்டவாளத்துக்குக் கோணிப்பை சுற்றிக் கட்டியிருந்தது.

“என்னங்கண்ணா, மணிக்குக் குளிருதா?” என்று கேட்டேன்.

“வாய மூடு பாப்பா. எட்மாஸ்டர் ஆர்டரு. அந்தப் பொண்ணு லாயத்துல படிக்குது.”

“அப்ப மணி அடிச்சது எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“கைய ஆட்டுறேனே, தெரியல? தெரியலன்னா பனியத் திட்டு, என்னத் திட்டாத.”

அவருக்கே சிரிப்பு வந்தது. ஆனால் சத்தம் வராமல் சிரித்தார். அந்த மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பொண்ணு

அந்தப் பொண்ணு என்பது நாகவேணி. என் பெஞ்சுக்காரி. பேரிகைப் பக்கம் கிராமம், வீட்டில் கன்னடம். நான் மத்திகிரி, வீட்டில் தமிழ், வாயெல்லாம் கலப்படம். எங்கள் ஊரில் யாரும் ஒரு பாஷையில் தொடங்கிய வாக்கியத்தை அதே பாஷையில் முடிப்பதில்லை. சண்டை போடும்போது மட்டும் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் தனித்தனியாகப் போடுவார்கள், ஒன்றும் வீணாகிவிடக் கூடாதென்று.

இருவரும் பள்ளியிறுதி வகுப்பு. அப்போது ஆறாம் பாரம் என்போம். பெண்கள் ஒரே ஒரு பெஞ்சு. அந்த ஒரு பெஞ்சும் நிறையவில்லை.

நாகவேணிக்குக் கணக்கு வராது. கணக்குக்குத்தான் அவள் வருவாள் என்று சொல்ல வேண்டும். கிருஷ்ணப்பா சார் கேள்வியைப் பலகையில் எழுதி முடித்துச் சாக்பீஸ் தூளைத் தட்டுவதற்குள், அவள் உதடு அசைந்து விடை வந்துவிடும். அதுவும் பலகையைப் பார்த்துச் சொல்ல மாட்டாள். ஜன்னலுக்கு வெளியே, பனியில் யாரோ எழுதி வைத்ததைப் படிக்கிறவள் மாதிரி சொல்லுவாள்.

“விடை சரிம்மா. வழி எங்க?” என்பார் சார்.

“கொத்தில்லா சார்.”

தெரியாது என்பதற்கு அவள் பாஷை. நிஜமாகவே தெரியாது. வழியைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். மனசில் விடைதான் முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். எந்தப் பஸ் ஏறி வந்தது என்று அதைக் கேட்க அவளுக்குத் தோன்றியதே இல்லை.

நான் நேர் எதிர். எனக்கு எதுவும் லேசில் விளங்காது. விளங்காதவரை விடவும் மாட்டேன். “ஏன் சார்? ஏன் சார்?” என்று பிடித்த பிடியில் நிற்பேன். என் அம்மா சொல்லுவாள், ஞானஸ்நானத்தின்போது சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றியதற்கே நான் ஏன் என்று முறைத்தேனாம். வகுப்பில் எனக்கு விடாக்கண்டி என்று பெயர்.

பட்டுப்புழு யோசனை

அந்த வருஷம் பெரிய தர்ம டிரஸ்டு ஒன்று, கிராமத்துப் பள்ளிகளில் கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பரீட்சை வைத்துத் தேடியது. தேறினால் சென்னையில் காலேஜ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. எங்கள் பள்ளியிலிருந்து நாகவேணியை அனுப்புவதென்று முடிவாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை. வழி எழுதாத விடைக்கு மார்க் கிடையாது.

அவள் அப்பா இன்னொரு நிபந்தனை வைத்தார். “அது கெடைச்சா போகட்டும் சாமி. கெடைக்கலன்னா யுகாதி கழிச்சு அவ மாமனுக்குக் கட்டிக் குடுத்திடுறேன். வயசுப் பொண்ண எத்தன நாளு பஸ்ஸுல ஏத்தி எறக்குறது?”

மாமன் என்றால் அவள் அம்மாவின் தம்பி, மஞ்சுநாதன். பேரிகை பஸ்ஸில் கண்டக்டர். ஊர் எல்லாருக்கும் மஞ்சண்ணா. அவளைத் தினமும் பஸ்ஸில் ஏற்றி இறக்கியதும் அவர்தான்.

ஆகவே நாகவேணியைத் தேற்றியே தீருவதென்று ஹெட்மாஸ்டர் கச்சை கட்டிக்கொண்டு இறங்கினார். நல்ல மனிதர். அந்தக் காலத்தில் ஒரு பெண் பிள்ளைக்காக இவ்வளவு மெனக்கெட்டவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் அவர் வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள். வினை அங்கேதான்.

எங்கள் பக்கத்தில் புழு வளர்க்கும் வீடு கோயில் மாதிரி. அன்னியர் உள்ளே போகக் கூடாது. மூக்குப்பொடி கூடாது, தாளிக்கிற வாசனை கூடாது, உரக்கப் பேசக் கூடாது. முற்றிய புழு நூல் கட்டத் தயாரானதும் அதைக் கூட்டத்திலிருந்து பொறுக்கி, மூங்கிலில் பின்னிய வட்டத் தட்டில் விடுவார்கள். அது பாட்டுக்குத் தன்னைச் சுற்றி நூல் கட்டிக்கொள்ளும்.

“புத்தியுள்ள புள்ளையும் அப்படித்தான்,” என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் பேசினார். “தனித் தட்டு, நல்ல இலை, நிசப்தம். மத்தது தானா வரும்.”

தனித் தட்டுக்கு லாயம். எங்கள் பள்ளிக்கூடம் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களா. பின்பக்கம் குதிரை கட்டிய லாயத்தில் ஓர் அறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு அடித்து, மேஜை நாற்காலி போட்டார்கள். அரைக் கதவு அப்படியே இருந்தது. மழை பெய்தால் சுவரிலிருந்து குதிரை வாசனை எழும்பும். போன வாரம் இந்தப் பத்தியில் மத்திகிரிக் குதிரைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்த வாசனை மூக்கில் இருக்கும்.

நல்ல இலைக்கு வல்லாரை. மூளைக்கு நல்லதென்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான். வல்லாரைத் துவையல், வல்லாரைக் கடைசல், வல்லாரைச் சாறு. தெலுங்கு வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம், கன்னட வாத்தியார் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம், தமிழ் ஐயா வீட்டிலிருந்து ஒரு கிண்ணம். எங்கள் தாலுகா எந்த ராஜ்ஜியத்தோடு சேர வேண்டுமென்று பெரியவர்கள் கூட்டம் போட்டுக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. நாகவேணி எந்தப் பாஷைக்குச் சொந்தம் என்று இந்த மூவருக்குள்ளும் ஒரு போட்டி இருந்தது. யார் கிண்ணம் காலியாகிறது என்று எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். என் அம்மா மட்டும் கீரை அனுப்பவில்லை. மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

நிசப்தத்துக்குத்தான் கோணிப்பை. விளையாட்டு மைதானத்தை மூடினார்கள். ஐஸ்காரன் மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று பாஷையில் கத்துகிற ஊர் மூன்று பாஷையிலும் வாயைப் பொத்திக்கொண்டது. பனியும் சேர்ந்துகொள்ள, காலையில் பள்ளிக்கு வந்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பது மாதிரி இருக்கும்.

எனக்கு அழுகை அழுகையாக வரும். என் பெஞ்சில் அவள் இடம் காலி.

வெளியே போ

ஒரு நாள் கிருஷ்ணப்பா சார், அரை வட்டத்துக்குள் வரும் கோணம் செங்கோணம் என்று பலகையில் எழுதினார். நான் எழுந்தேன்.

“ஏன் சார்?”

“புத்தகத்துல இருக்கு.”

“புத்தகத்துல ஏன் இருக்கு?”

பாவம், அவருக்கு அன்று தலைவலி. அதற்கு முந்தைய நாள் நாகவேணிக்கு மாதிரிப் பரீட்சை வைத்திருந்தார்கள். வெள்ளைத் தாளை அப்படியே திருப்பிக் கொடுத்திருந்தாள். வழி மட்டுமல்ல, விடையும் இல்லை. தேடாமலே வந்துகொண்டிருந்தது இப்போது தேடினாலும் வரவில்லை. அந்த எரிச்சலெல்லாம் என் மேல் வந்து விழுந்தது.

“வெளியே போ!” என்றார்.

போனேன். அவள் மூளைக்குத் தனி அறை, என் வாய்க்கு வெளி வராந்தா. நல்ல நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கம் நடந்தால், லாயம்.

அரைக் கதவின் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். நாகவேணி இளைத்துப் போயிருந்தாள். மேஜையில் வல்லாரைச் சாறு ஆடை கட்டிக் கிடந்தது.

“ஏண்டி, பால் இருக்கு, கீரை இருக்கு, ராணி மாதிரி தனி ரூம் இருக்கு. எழுத வேண்டியதுதான?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “நூலு கட்டி முடிச்ச புழுவ என்ன செய்வாங்க, தெரியுமா பிலோமி?”

“என்ன செய்வாங்க?”

“கொதிக்கிற தண்ணில போடுவாங்க.”

சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். முடியவில்லை.

“இங்க ஒண்ணும் கேக்கல,” என்றாள் அவள். “எங்க வீட்டுல புழு இலை திங்கிற சத்தம் கேட்டுட்டே இருக்கும். தூறல் போடுற மாதிரி. அப்பா கத்துவாரு, மாடு கத்தும், பஸ்ஸுல ஒரே கூச்சல். அதுக்குள்ளதான் எனக்குக் கணக்கு வரும். இங்க வந்து உக்காந்தா எம் மூச்சு மட்டுந்தான் கேக்குது. பயமா இருக்கு.”

கதவின் மேல் எம்பி அவள் தோளைத் தொடப் போனேன். என் கண்ணாடி வளையல் கதவில் பட்டு உடைந்து, ஒரு பாதி உள்ளே மண்ணில் விழுந்தது. கரும்பச்சை வளையல், கோயில் திருவிழாவில் வாங்கியது. “மாதாவே!” என்றேன்.

நாகவேணி குனிந்து அதை எடுத்தாள். அரை வட்டம். மண்ணில் வைத்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி இரண்டு முனைக்கும் குறுக்கே போட்டாள். இன்னும் இரண்டு குச்சிகளை முனைகளிலிருந்து கொண்டுவந்து வளையலின் மேல் ஓரிடத்தில் சேர்த்தாள்.

“இந்த மூலை வளையல் மேல எங்க இருந்தாலும் கதவு மூலைதான்.”

“பொய்.”

“உன் புத்தகத்த வச்சுப் பாரு.”

கதவைத் தாண்டி உள்ளே குதித்தேன். கையிலிருந்த புத்தகத்தின் மூலையை வைத்தேன்; பொருந்தியது. குச்சிகளை வேறு இடத்துக்கு நகர்த்தி வைத்தேன்; அங்கேயும் பொருந்தியது.

“சரி. ஏன்?”

“தெரியுதே.”

“உனக்குத் தெரியுது. எனக்குத் தெரியலையே! ஏன்?”

அவளுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன். இன்னொரு குச்சியை எடுத்து, அடிக் குச்சியின் நடுவிலிருந்து அந்த மூலைக்குப் போட்டாள்.

“இந்தக் குச்சியும் அடியில இருக்குற இந்தப் பாதியும் ஒரே நீளம்.”

“ஏன்?”

“வளையல் நடுவுல இருந்து எங்க போனாலும் ஒரே தூரந்தானடி, கழுத!”

“சரி, திட்டாத. அப்புறம்?”

“ரெண்டு பக்கம் சமமா இருந்தா அதோட ரெண்டு கோணமும் சமம். இந்தப் பக்க முக்கோணத்துலயும் அப்படி. அந்தப் பக்க முக்கோணத்துலயும் அப்படி. ஒவ்வொரு ஜோடியிலயும் ஒண்ணு கீழ இருக்கு, ஒண்ணு மேல இந்த மூலையில இருக்கு. அப்ப, கீழ ரெண்டும் சேந்தா எவ்வளவோ, மேல மூலையும் அவ்வளவுதான. பெரிய முக்கோணத்துல மூணு கோணமும் சேந்தா எத்தன செங்கோணம்?”

“ரெண்டு.”

“பாதி மேல, பாதி கீழ. அப்ப மேல?”

“ஒண்ணு,” என்றேன். சொன்ன பிறகுதான் விளங்கியது. அதுவரை நான் எத்தனையோ கணக்குக்கு விடை எழுதியிருக்கிறேன். ஒன்று எனக்குள் கதவு திறக்கிற மாதிரி திறந்தது அன்றுதான் முதல் தடவை.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அரைக் கதவுக்கு அந்தப்பக்கம் கிருஷ்ணப்பா சார். என்னைத் திரும்ப உள்ளே கூப்பிட வந்தவர், எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“நாகவேணி,” என்றார் மெதுவாக. “இப்ப பிலோமினா கேட்டாளே, ஒவ்வொரு ஏனுக்கும் ஒரு வரி எழுது. அதாம்மா வழி. அவ்வளவுதான்.”

தினசரித் தண்டனை

ஆனால் ஹெட்மாஸ்டரிடம் இதை யார் சொல்வது? நிசப்தம் அவருக்கு வேதவாக்கு. புழுத் தட்டில் இன்னொரு புழுவை, அதுவும் வாயாடிப் புழுவை விடச் சம்மதிப்பாரா?

கிருஷ்ணப்பா சார் ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் வகுப்புக்கு வந்ததும் என்னை எழுப்பி ஒரு கேள்வி கேட்பார். நான் தப்பாகச் சொன்னாலும் “வெளியே போ!” சரியாகச் சொன்னாலும் “அதிகப் பிரசங்கி! வெளியே போ!” ஒரு நாள் நான் எழுந்திருக்கவே இல்லை, அதற்கும் வெளியே போ. பையன்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, வாசலைத் தாண்டியதும் லாயத்துக்கு ஓடுவேன்.

மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த என் அப்பாவுக்குச் செய்தி போய்விட்டது.

“தெனமும் வெளிய நிக்கிறியாமே?”

“சார் என்னை நல்லதுக்குத்தான்பா வெளிய அனுப்புறாரு.”

“வெளிய நிக்கிற எல்லாக் கழுதையும் இப்படித்தான் சொல்லும்,” என்றார் அப்பா. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பரவாயில்லை என்று பட்டது. லாயத்தில் நாங்கள் போட்ட கூச்சல்! ஹெட்மாஸ்டர் அறை பங்களாவின் முன்கோடியில் இருந்ததால் பிழைத்தோம். “ஏன்?” என்பேன். ஏனென்றால் என்பதை “யாக்கே அந்தரே...” என்று கன்னடத்தில் இழுத்துத் தொடங்குவாள், தமிழில் முடிப்பாள். எனக்கு விளங்காவிட்டால் மேஜையைத் தட்டுவாள். அவளுக்கு நிறம் திரும்பியது. வல்லாரைச் சாற்றை நான் குடித்துவிடுவேன். அதனால் எனக்கு மூளை வளர்ந்ததா என்று கேட்காதீர்கள்.

மஞ்சண்ணா சொன்னது

இந்த வல்லாரையில் பாதிக்கு மேல் யார் கொண்டுவந்தது தெரியுமா? மஞ்சண்ணா. பேரிகை ஏரிக்கரையில் விடியற்காலை பறித்து, ஈரத்துணியில் சுற்றி, கண்டக்டர் பையோடு சேர்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார்.

எனக்கு இது உறுத்தியது. அவள் தேறினால் இவருக்குக் கல்யாணம் இல்லை. தோற்கட்டும் என்றல்லவா வேண்டிக்கொள்ள வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் பிடித்து, கேட்டே விட்டேன்.

“ஏன் மஞ்சண்ணா? அவளக் கட்டிக்க உங்களுக்கு ஆசை இல்லையா?”

அவர் டிக்கெட் கட்டை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார், “ஆசை இல்லாம என்னம்மா. சின்னதுல இருந்து அவ எனக்குத்தான்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்க. ஆனா இத்தன வருசத்துல எங்கிட்ட அவ பேசுனது பத்து வார்த்த இருக்குமா? பஸ்ஸுல ஜன்னலப் பாத்துட்டே வருவா. உள்ள என்னமோ ஓடுது. எனக்கு அது எட்டாது. எட்டாதத ஊமையாக்கி வீட்டுல உக்கார வச்சுக்கவா? அது பாவம்.”

பஸ் கிளம்பியது. படியில் தொற்றிக்கொண்டு “ரைட்!” என்று கத்தினார். நான் அன்றைக்கு ஏன் என்று மேலே கேட்கவில்லை.

உள்ளே போ

எழுத்துப் பரீட்சையில் நாகவேணி தேறிவிட்டாள். இன்னொன்று பாக்கி இருந்தது. டிரஸ்டுக்காரர்கள் கிருஷ்ணகிரி டிராவலர்ஸ் பங்களாவில் நேரில் பார்த்துப் பேச வேண்டுமாம்.

ஹெட்மாஸ்டர், கிருஷ்ணப்பா சார், துணைக்கு ஒரு பெண் வேண்டுமே என்று நான். மஞ்சண்ணா அன்றைக்கு வேறொருவரோடு டியூட்டி மாற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ்ஸில் வந்தார். சூளகிரி தாண்டும்போது மலை பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பஸ் முழுக்க அவரைக்காய் மூட்டைகள். அவரைக்குப் பனி பட்டதும் ஒரு வாசனை வருமே, அதற்கு ஈடு கிடையாது. மஞ்சண்ணா எங்களுக்கு வேகவைத்த அவரைப் பருப்பு ஒரு பொட்டலம் கொடுத்தார். பயத்தில் யாரும் தின்னவில்லை. என் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

பங்களாவில் மூன்று பேர். நடுவில் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மாள். நாகவேணியை உள்ளே கூப்பிட்டதும் ஹெட்மாஸ்டர் பரபரவென்று ஓடி, ஜன்னல்களைச் சாத்தினார். தோட்டக்காரனை வாளி உருட்டாதே என்று விரட்டினார். எங்களையெல்லாம் வராந்தாவில் நிறுத்தி, உதட்டில் விரலை வைத்தார். “நிசப்தம் இருந்தா போதும், அள்ளிடுவா,” என்றார்.

ஒரு ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை. அதன் இடுக்கில் எங்களுக்குக் கேட்டது. கேட்டது என்ன, கேள்வி மட்டும்தான் கேட்டது.

“ஒற்றைப்படை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனால் என்ன கிடைக்கும்?”

நாகவேணி ஏதோ உதட்டுக்குள் சொன்னாள். “சரி. எப்படி?” என்றார் ஓர் ஆண். அவ்வளவுதான். பிறகு ஒன்றுமில்லை. கடிகாரச் சத்தம். நாற்காலி கிறீச்சிடும் சத்தம்.

“எழுதினது இவள்தானா?” என்று இன்னொருவர் இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் கேட்டார். அதைக் கேட்டதும் ஹெட்மாஸ்டரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. மஞ்சண்ணா தூணைப் பிடித்துக்கொண்டார். யுகாதிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

கிருஷ்ணப்பா சார் என் பக்கம் திரும்பினார். அந்த வருஷம் முழுக்க என்னைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்ன மனிதர்.

“பிலோமினா,” என்றார், “உள்ளே போ.”

“ஐயோ, சத்தம்...” என்று ஹெட்மாஸ்டர் கையை நீட்டுவதற்குள் நான் கதவைத் தள்ளிவிட்டேன்.

“யாரம்மா நீ?” என்றார் மூக்குக்கண்ணாடி அம்மாள்.

“நான் ஏன் கேக்கறவங்க,” என்றேன். அவளிடம் நேரே போய் இடுப்பில் கையை வைத்து நின்றேன். “என்னடி சொன்ன?”

“வர்க்கம் வரும்னு சொன்னேன். ஒண்ணு. ஒண்ணும் மூணும் நாலு. அதோட அஞ்சு சேத்தா ஒம்பது. அப்படியே போகும்.”

“ஏன் போகும்? ஒரு இடத்துல நின்னுட்டா?”

“நிக்காது.”

“நீ சொன்னா ஆச்சா? ஏன்?”

அந்தக் கோபம் வந்தது. நான் காத்திருந்த கோபம். என் கைக்குட்டையைப் பிடுங்கி அவிழ்த்தாள். பளபளவென்று துடைத்த துரைமார் மேஜையில் ஓர் அவரைப் பருப்பை வைத்தாள். அதன் வலது பக்கம் ஒன்று, கீழே ஒன்று, மூலையில் ஒன்று வைத்தாள்.

“மூணு சேத்தேன். சதுரமாச்சா?”

“ஆச்சு.”

“இப்ப வலது பக்கம் ரெண்டு, கீழ ரெண்டு, மூலைக்கு ஒண்ணு. அஞ்சு. சதுரமாச்சா?”

“ஆச்சு. அடுத்ததுக்கு ஏன் ஏழு?”

“பக்கத்துக்குப் பக்கம் ஒண்ணொண்ணு கூடுதில்ல! ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ரெண்டு கூடுது. மூலை எப்பவும் ஒண்ணுதான். அதனால ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டு கூட வேணும், அதுதான அடுத்த ஒத்தப்படை எண். எவ்வளவு பெரிய சதுரமானாலும் இப்படித்தான். யாக்கே நில்லுத்தே? ஏன் நிக்கும்? சொல்லு!”

மேஜை முழுக்க அவரை. அறை முழுக்க அந்த வாசனை. பரீட்சைக்காரர்கள் மூவரும் எழுந்து நின்று குனிந்து பார்த்தார்கள். ஒருவர் எதையோ கேட்க, நாகவேணி அவரிடமே திரும்பிப் பதில் சொன்னாள், பருப்புகளை நகர்த்திக்கொண்டே. அவர் இன்னொன்று கேட்டார். அவள் மேஜையைத் தட்டினாள். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. சுவரோரமாக ஒதுங்கி நின்றேன்.

மூக்குக்கண்ணாடி அம்மாள் சதுரத்தின் மூலையிலிருந்த பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். “நல்ல அவரை,” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். யாரோ ஜன்னலை விரியத் திறந்திருந்தார்கள். வெளியே மஞ்சண்ணா. கன்னத்தில் கண்ணீர் வழிய, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“இவ்வளவு பேச்சா உள்ள வச்சிருந்தா!” என்றார் கிருஷ்ணப்பா சாரிடம். “பாத்தீங்களா சார், இவ்வளவு பேச்சு!”

அந்த வருஷத்து ஆள்

நாகவேணி சென்னைக்குப் போனாள். மஞ்சண்ணாதான் கொண்டுபோய் விட்டார். பிறகு அவர் சூளகிரிப் பக்கம் பெண் எடுத்து, நன்றாகவே இருந்தார். அதற்கு முன்பே, அவள் தேறிய செய்தி வந்த அன்று, முனியப்பா தண்டவாளத்திலிருந்து கோணியை அவிழ்த்து, தேவைக்கு மேலேயே மணி அடித்தார். பள்ளி முடிந்த பிறகும் என் மனசுப் பெஞ்சில் அந்த இடம் காலியாகவே இருந்தது. அதற்காக நான் அவளைத் திட்டிக்கொண்டே அழுத நாட்கள் உண்டு. அவள் கல்லூரியில் கணக்குப் பேராசிரியை ஆனாள் என்று காதில் விழுந்தது. கல்யாணம், குழந்தை, ஊர் மாற்றம் என்று காலம் எங்கள் இருவரையும் வெவ்வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் மறுபடி ஓசூருக்கு வந்தபோது ராகிக் கொல்லைகளில் தொழிற்சாலைகள் முளைத்திருந்தன. அதில் ஒன்றின் ஆபீசில் எனக்கு வேலை. ஷிப்டு மாறும் சங்கு ஊரையே உலுக்கும். அதைக் கேட்கும்போதெல்லாம் ஹெட்மாஸ்டரை நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருஷம் எங்கள் ஆலைக்குப் புதிதாக ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். கூட்டம் நடந்தால் மேனேஜர் ஒரு வரி சொல்லுவார், இவள் “ஏன் சார்?” என்பாள். அடுத்த வரி, அதற்கும் ஏன். மேனேஜர் ஒரு நாள் பொறுக்க முடியாமல், “கொஞ்சம் வெளியே இரும்மா” என்று சொல்லிவிட்டார்.

கேன்டீனில் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். “எனக்கும் சின்ன வயசுல இந்த வியாதி இருந்துச்சு,” என்றேன்.

“இது எனக்கு காலேஜ்ல வந்தது மேடம்,” என்று சிரித்தாள். “எங்க கணக்கு மேடம் வருஷம் ஆரம்பிச்சதும் கிளாஸ்ல ஒரு பொண்ண எழுப்புவாங்க. நல்லாப் படிக்கிற பொண்ணு இல்ல, விளங்கலன்னா விடாத பொண்ணு. இனிமே ஏன் கேக்கறது உன் வேலைன்னு சொல்லிடுவாங்க. அவ கேக்காம மேடம் அடுத்த வரிக்குப் போகவே மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு உண்டு. அது யாரோட பேருன்னு எங்களுக்குத் தெரியாது. எல்லா வருஷமும் அதே பேருதான். எங்க செட்ல நான்தான் பிலோமி.”

டீ தம்ளரைக் கீழே வைத்தேன்.

“மேடம்,” என்றாள் அந்தப் பெண், என் முகத்தைப் பார்த்து. “ஏன் மேடம் அழறீங்க?”

கேட்காமல் விடுவாளா? அது அவள் வேலையாயிற்றே.